குடிப்பிறப்பும் அரசியற் செல்வாக்கும்: மதுரை மிஷன் வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கன்னட நாட்டெல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் அமைந்தது ஜவளகிரி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இவ்வெல்லைப் பகுதியின் சமய வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை முதற்கண் புலனாகும். திருச்சபையின் எல்லைகள் ஈண்டு அரசர்களின் எல்லைகளைப் பின்பற்றியே வகுக்கப்பட்டன என்பதே அது. பதினேழாம் நூற்றாண்டில் தெற்கிலும் கிழக்கிலும் நாயக்கர் ஆண்ட நாடுகள் மதுரை மிஷனுக்கு உரியனவாக, மைசூர் மன்னரின் ஆட்சிப் பகுதி மைசூர் மிஷனுக்கு உரியதாயிற்று. முன்னையது சேசு சபையின் மலபார் மாகாணத்தையும், பின்னையது கோவா மாகாணத்தையும் சார்ந்திருந்தன. கி. பி. 1799இல் நான்காம் மைசூர்ப் போருக்குப் பின்னர் ஓசூர்ப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறிச் சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. 1930இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சேலம் மறைமாவட்டம் அமைந்தது. 1997இல் அதினின்றும் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது.

மறைபரப்பும் நிலம் இன்னதென்பதை அரசியல் வரையறுத்தது போலவே, அந்நிலத்திற்குச் செல்லும் மனிதர் இன்னார் என்பதையும், அவர் எவ்வளவு உயரலாம் என்பதையும், அவர் சொல் எங்கே செல்லும் என்பதையும் அரசியலும் குடிப்பிறப்பும் பெரும்பாலும் வரையறுத்தன. இவ்வுண்மையை மதுரை மிஷனின் தலையாய இருவர் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி. மற்றவர் அருளானந்தர் எனப் பெற்ற ஜான் தெ பிரிட்டோ. இருவரும் மேனாட்டு உயர்குடிப் பிறந்தோர்; இருவரும் அக்குடிப்பிறப்பு அளித்த பதவிகளைத் துறந்து தமிழகம் போந்தோர். எனினும் துறந்த பிறப்பு அவரை விட்டு நீங்கியதா என்பது ஆராயத்தக்கது.

நொபிலியாரின் வெற்றி அவர்தம் கல்வியால் மட்டும் விளைந்தது என்பாரும் உளர். அது உயர்குடியாளர் ஒருவரின் சூழ்ச்சியே என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் முழு உண்மையல்ல என்பதே நாம் நிறுவக் கருதும் முடிபு. குடிப்பிறப்பு ஐரோப்பாவில் ஏணியாகவும், தமிழகத்தில் நுழைவுச் சான்றாகவும், அதே வேளையில் பிறர்க்கு அடைத்த கதவாகவும் அமைந்தது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி இவ்வரலாறு விளங்காது.

1. ஐரோப்பாவில் குடிப்பிறப்பும் திருச்சபைப் பதவியும்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திருச்சபையின் உயர்பதவிகள் பெரும்பாலும் உயர்குடிகளின் உடைமை போலவே நடந்து வந்தன. செருமானிய நாட்டின் பல பேராலயக் குருமார் அவைகளில் இடம்பெற விரும்புவோர் தம் முன்னோர் பல தலைமுறையினராக உயர்குடிப் பிறந்தோர் என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும். பிரான்சில் 1516ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மேற்றிராணியாரைப் பெயர் குறிக்கும் உரிமை மன்னனிடம் சென்றது. உரோமையிலோ பாப்பாண்டவர் தம் உறவினர் ஒருவரைக் கர்தினாலாக உயர்த்தி ஆட்சிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. பன்னிரண்டாம் இன்னசென்டு 1692இல் ஆணை பிறப்பித்த பின்னரே அவ்வழக்கம் முறைப்படி ஒழிந்தது.

போர்த்துக்கல் நாட்டில் இப்பிணைப்பு இன்னும் இறுக்கமானது. இளவரசர் என்றிக்கே என்பார் இருபத்தோராம் அகவையளவில் பிராகா நகரின் பேராயராயினார். பின்னர் நாட்டின் தலைமைச் சமய விசாரணையாளரும், கர்தினாலும் ஆயினார். 1578இல் மன்னராகவும் முடிசூடினார். கோவாவில் 1560இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது இவர் அப்பொறுப்பில் இருந்த காலத்திலேயாம். 1580இல் இவர் மகப்பேறின்றி இறக்கவே, நாடு இசுபானிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. குருத்துவமும் அரசுரிமையும் ஒரே மனிதரிடம் கூடியதன் விளைவு ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றியமைக்கு இது சான்று.

இந்தியத் திருச்சபை இப்போர்த்துக்கீசிய மன்னரின் புரவுரிமையின்கீழ் இருந்தது. 'பத்ரோவாதோ' எனப்படும் இவ்வுரிமையின்படி, ஆலயங்களுக்குப் பொருளுதவி செய்யும் கடமையும் மேற்றிராணியாரைப் பெயர் குறிக்கும் அதிகாரமும் மன்னருக்கு உரியன. 1534இல் கோவாவும், அதன் பின்னர்க் கொச்சியும், 1606இல் மயிலாப்பூரும் மறைமாவட்டங்கள் ஆயின. இங்கெல்லாம் மேற்றிராணியாராக அமர்ந்தோர் லிஸ்பன் நகரின் ஒப்புதலின்றி அமர்ந்தாரல்லர். கடல் கடந்த ஒரு மன்னரின் அவையில் எவர்க்குச் செல்வாக்கு உண்டோ அவரே தமிழகக் கடற்கரையின் ஞான ஆட்சியையும் பெற்றார் என்க.

நொபிலியாரின் குடும்பம் இவ்வமைப்பின் நடுவண் வாழ்ந்தது. மோந்தேபுல்சியானோ என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட அக்குடும்பத்தார் பாப்பாண்டவர் மூன்றாம் யூலியுசுக்கு உறவினர். அப்பாப்பாண்டவர் 1553இல் தம் உறவினரான ஒரு சிறுவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அச்சிறுவருக்கு அப்போது அகவை பன்னிரண்டு. பதினேழாம் அகவையில், 1559இல், அவர் மறைந்தார். அவர் பெயரும் இராபர்ட் தெ நொபிலி என்பதே. அப்பெயரே 1577இல் உரோமையில் பிறந்த நம் நொபிலியாருக்கும் இடப்பட்டது. குடும்பத்தின் மூத்த மகனாகிய இவர் எத்தகைய எதிர்பார்ப்பின் நிழலில் வளர்ந்தார் என்பதற்கு இப்பெயரே போதிய சான்றாகும். இவர் சேசு சபையிற் சேர விரும்பியபோது குடும்பத்தார் தடுத்தனர். இவர் உரோமையினின்றும் மறைந்து நேப்பிள்சு சென்று தம் எண்ணத்தை நிறைவேற்றினார். திருச்சபையிற் சேர்வதை அவர்கள் வெறுத்தாரல்லர். பதவிக்கு வழி அடைத்த துறவு ஒன்றிற் சேர்வதையே வெறுத்தனர் எனல் பொருந்தும். சேசு சபையார் மேற்றிராணியார் போன்ற உயர்பதவிகளை நாடுவதில்லை என்று உறுதி கூறுபவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

2. மதுரையில் குடிப்பிறப்பு பெற்ற புதுப்பொருள்

நொபிலியார் 1605இல் கோவாவை அடைந்து, 1606இல் மதுரை சேர்ந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் முதிய போர்த்துக்கீசியக் குரு பதினோராண்டுகளளவில் பணியாற்றி வந்தார். அவர் சேசு சபையிற் சேருமுன் போர்வீரராக இருந்தவர். கடற்கரையினின்றும் மதுரைக்கு வந்து தங்கிய பரதவர்க்கே அவர் பணி பயன்பட்டது. உள்நாட்டு மக்களுள் மனம் மாறினார் இலர். பரதவர் 1535ஆம் ஆண்டையடுத்துப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவியவர்கள். ஆதலின் மதுரை மக்கள் அச்சமயத்தைப் 'பறங்கி' மார்க்கம் என்றே கருதினர். பறங்கி என்னும் சொல் அவர்க்கு ஓர் இனப்பெயராக மட்டும் ஒலிக்கவில்லை. புலாலும் கள்ளும் உண்டு, தூய்மையும் குலவொழுக்கமும் இன்றி வாழும் இழிந்த பிறப்பினர் என்னும் பொருளையும் தந்தது.

இந்நிலையில் நொபிலியார் செய்தது யாது? காவியுடுத்து, மரக்கறி உணவு ஒருபொழுது உண்டு, தனியே ஒரு குடிலில் வாழ்ந்து, சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி பயின்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதனினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. தம்மைப் பறங்கி எனப் பழித்தோர்க்கு மறுமொழியாக அவர் ஓலையில் ஓர் அறிக்கை எழுதித் தம் இல்லத்தின் முன் வைத்தார். தாம் பறங்கியர் நாட்டிற் பிறந்தவரல்லர், உரோமையிற் பிறந்தவர், தம் குடி அந்நாட்டில் அரசர்க்கு ஒப்பான குடி, இளமையிலேயே துறவு பூண்டவர் என்பதே அதன் சாரம்.

இவ்வறிக்கையில் பொய்யென்று சொல்லத்தக்க தொடர் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு நாட்டின் சமூக வழக்கிலுள்ள மதிப்பை மற்றொரு நாட்டின் வழக்காக மொழிபெயர்த்த செயலாகும் இது. இத்தாலியப் பிரபுக் குடும்பம் தமிழகத்து 'அரச' வருணமாக உருக்கொண்டது. எந்தப் பிறப்பை அவர் துறவால் விட்டொழித்தாரோ அதே பிறப்பு மதுரையில் அவருடைய முதற் சான்றாயிற்று. துறவிக்கு மதிப்பு அளிக்கும் நாட்டில், துறந்த பொருள் பெரிதாயின் துறவும் பெரிதாகும் அன்றோ? அரசு துறந்து தவம் மேற்கொண்ட இளங்கோவடிகளின் வரலாற்றைப் போற்றும் தமிழ் மரபில், இத்தகைய கூற்று எளிதில் செவியேறியது வியப்பன்று.

கல்வியின் பங்கை நாம் குறைத்துக் கூறவில்லை. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலிய உரைநடை நூல்களை இயற்றிய புலமை பிறப்பால் வந்ததன்று. எனினும் அப்புலமையைக் கேட்க மதுரையின் கற்றோர் ஓர் அயலாரின் வாயிலில் வந்து நிற்றல் வேண்டுமாயின், அவர் பறங்கியல்லர் என்பது முன்னரே ஒப்புக்கொள்ளப்படல் வேண்டும். குடிப்பிறப்பு கதவைத் திறந்தது. கல்வி உள்ளே அமர்த்தியது என்று கூறுதலே நடுநிலையாகும்.

இவ்வாறு உயர்குடியை முன்வைத்த முறை, இந்நாட்டு உயர்குடிகளின் அரசியலோடும் பிணைந்தது. 1623இல் நொபிலியார் மதுரையினின்றும் வடக்கு நோக்கிச் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் சென்றார். ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகள் 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தமையால், இப்பயணம் நம் எல்லைப் பகுதிக்கு அண்மையது. அங்கே ஆட்சியிழந்திருந்த மோரமங்கலத்துத் திருமங்கல நாயக்கர் 1625ஆம் ஆண்டளவில் தம் மக்களோடு ஞானஸ்நானம் பெற்றார். சேலம் வட்டாரத்தில் புதிய மிஷனுக்கு முதல் மதிப்பை அளித்தவர் நாடிழந்த ஒரு தலைவர் என்பது குறித்துக்கொள்ளத்தக்கது; பின்னர் மறவர் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம்.

3. வழக்கும் உரோமையின் தீர்ப்பும்

பெர்னாண்டசு 1610இல் தம் இளைய தோழர்மீது முறையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியன சமயச் சின்னங்கள், அவற்றை ஏற்பது பிழை என்பது அவர் வாதம். அவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் சின்னங்களே என்பது நொபிலியாரின் வாதம். பெர்னாண்டசின் கேள்வியை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. அவர் அறியாமையால் எதிர்த்தவரல்லர். பிராமணரின் சடங்குகளைப் பற்றி 1616இல் ஒரு விரிந்த நூலையே எழுதியவர். அந்நூல் பல நூற்றாண்டு கையெழுத்தாகக் கிடந்து 1973இலேயே அச்சேறிற்று. ஆனால் முன்னாள் போர்வீரரான அவர்க்கு உரோமையில் உறவினர் எவருமிலர்.

நொபிலியாருக்கோ இருந்தனர். கர்தினால் பெல்லார்மினார் மோந்தேபுல்சியானோ ஊரினர். பாப்பாண்டவர் இரண்டாம் மார்செல்லுசின் மருமகன். நொபிலி குடும்பத்திற்கு உறவினர். அக்காலத் திருச்சபையின் தலைசிறந்த இறைநூற் புலவர். மதுரையில் நடப்பதைப் பிறர் திரித்துரைக்கக் கேட்ட அவர் முதலில் நொபிலியாரைக் கடிந்து எழுதினார். நொபிலியார் தம் பக்கத்து நியாயங்களை விரித்தெழுதிய பின்னர், அவரே துணையாளர் ஆயினார். இச்செய்தி இரு பொருள் தருவது. உறவு கண்மூடித்தனமான ஆதரவைத் தரவில்லை. உறவினரும் முதலில் கண்டித்தார். ஆனால் கண்டிக்கப்பட்டவர் தம் மறுமொழியை நேரே ஒரு கர்தினாலின் கையிற் சேர்க்க இயன்றதே, அதுதான் உறவு தந்த பேறு. நியாயம் எவர்க்கும் இருக்கலாம்; அதனைக் கேட்கும் செவி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

1619இல் கோவாவில் பேராயர் கிறிஸ்தோவான் தெ சா தலைமையில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நொபிலியாரை எதிர்த்தனர். கிரங்கனூர்ப் பேராயர் பிரான்சிசு ரோசு அவர் பக்கம் நின்றார். வழக்கு உரோமை சென்றது. 1623 சனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரியார் தம் ஆணையால், மேலும் ஆராயப்படும் வரை, பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராட்டும் மூடநம்பிக்கையும் அறிவீனமும் கலவாவண்ணம் கைக்கொள்ளப்படலாம் என இசைவளித்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான், 1622இல், போர்த்துக்கீசியப் புரவுரிமைக்குப் புறம்பே மறைபரப்பலை நடத்த உரோமை ஒரு தனிப் பேரவையை நிறுவியிருந்தது. லிஸ்பன் அவையின் செல்வாக்குக்கு எதிரே உரோமையின் செல்வாக்கு வளர்ந்த காலத்தே இத்தீர்ப்பு வந்தது என்பது கருதத்தக்கது. கோவாவில் தோற்ற வழக்கு உரோமையில் வென்றதற்கு நொபிலியாரின் வாதத் திறமும் காரணம். அவ்வாதத்தை ஏற்க விழைந்த காலமும் காரணம்.

அவ்வாணையின் இறுதிப் பகுதியைப் பலர் கருதாது விடுகின்றனர். உயர்குலத்துக் கிறித்தவர் தம் பிறப்புச் செருக்கை விடுத்து, எளிய குலத்தாரை இகழாது நடக்கவேண்டும் என்று பாப்பாண்டவர் அதில் அறிவுறுத்தினார். குலச் சின்னத்திற்கு இசைவும் குலச் செருக்குக்குக் கண்டனமும் ஒரே ஆணையில் இடம்பெற்றன. இசைவு நிலைத்தது. அறிவுரை எவ்வளவு நிலைத்தது என்பதைப் பின்வரும் நூற்றாண்டுகள் காட்டின.

4. அருளானந்தர்: செல்வாக்கினின்றும் தப்பியவர்

ஜான் தெ பிரிட்டோ 1647 மார்ச்சு முதல் நாள் லிஸ்பனில் பிறந்தார். தந்தையார் சால்வதோர் தெ பிரிட்டோ பெரெய்ரா பிரேசில் நாட்டில் ஆளுநராக இருந்து மறைந்தவர். மகனார் அரண்மனையில் பணிச்சிறுவராக வளர்ந்து, இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழர் ஆயினார். அவ்விளவரசரே பின்னர் மன்னர் இரண்டாம் பேதுரு ஆயினார். இதனினும் நெருங்கிய அரசியல் உறவு வேண்டுமா? புரவுரிமை ஆட்சியில் மேற்றிராணியார் பதவி மன்னரின் கையிலிருந்தது, மன்னரோ தோழர். இத்தகையார்க்கு உயர்பதவி கேட்டுப் பெறவேண்டிய பொருளன்று. மறுத்தாலொழியத் தானே வந்து சேரும் பொருள்.

அவர் 1662இல் சேசு சபையிற் சேர்ந்தார். 1673இல் இந்தியாவிற்குப் புறப்பட்டபோது, அன்னையார் பாப்பாண்டவரின் தூதர் வாயிலாகவும் அவரைத் தடுக்க முயன்றார். செல்வாக்கு என்பது உயர்த்துவதற்கு மட்டுமன்றி நிறுத்தி வைப்பதற்கும் பயன்படும் என்பதை இது காட்டும். 1674இல் மதுரை மிஷனை அடைந்த அவர், பிராமண சந்நியாசியாக வாழாது பண்டாரசாமியாக வாழ்ந்தார்.

இவ்வேறுபாட்டைச் சிறிது விளக்குதல் வேண்டும். நொபிலியாரின் முறையைப் பின்பற்றிய குருமார் உயர்குலத்தாரோடு மட்டும் பழக இயன்றது; எளிய குலத்தாரைக் காண்பதாயின் இரவில் மறைவாகக் காணவேண்டிய நிலை. இதற்கு மாற்றாக 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் குரு பண்டாரசாமி என்னும் புதிய கோலத்தை மேற்கொண்டார். சைவப் பண்டாரங்களைப் போன்று பல குலத்தாரிடையேயும் செல்லத்தக்கது அக்கோலம். தொகை நோக்கின், மதுரை மிஷனின் பெருவளர்ச்சி இப்பண்டாரசாமிகளாலேயே நிகழ்ந்தது. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர் அவ்விரு கோலங்களுள் தாழ்ந்ததாகக் கருதப்பட்டதை ஏற்றார் என்பது அருளானந்தர் வரலாற்றின் உயிர்நாடி. நொபிலியார் தம் பிறப்பைத் தமிழகத்தில் எடுத்துரைத்தார். அருளானந்தர் தம் பிறப்பை இங்கே எடுத்துரைக்கவில்லை.

ஆயினும் பிறப்பு அவரை விடவில்லை. 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டு விடுதலையான பின்னர், மிஷனின் காரியங்களை எடுத்துரைக்க அவரே ஐரோப்பா அனுப்பப்பட்டார். லிஸ்பனை அடைந்தார். மன்னர் பழைய தோழரை வரவேற்று, அரச மகனுக்கு ஆசிரியராக அங்கேயே இருத்திவிட விரும்பினார். அரண்மனையிலும் மிஷனின் எளிய உணவு முறையை அவர் விடவில்லை என்று அவர் வரலாற்றாசிரியர் குறிப்பர். 1690இல் மீண்டும் கப்பலேறினார். மன்னரின் அன்பைத் தம் மிஷனுக்குப் பயன்படுத்தினார்; தமக்குப் பயன்படுத்த மறுத்தார். செல்வாக்கை முற்றும் துறந்தவர் என்று அவரைப் போற்றுதலினும், செல்வாக்கின் பயனைத் தம்மிடமிருந்து பிரித்தவர் என்று கூறுதலே துல்லியமாகும்.

அவர்தம் முடிவையும் குடிப்பிறப்பின் அரசியலே கொணர்ந்தது. மறவர் நாட்டில் தடியத் தேவர் என்னும் தலைவர் ஞானஸ்நானம் பெற்று, தம் மனைவியருள் ஒருவரை மட்டும் ஏற்றுப் பிறரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் கடலாயி என்பார் கிழவன் சேதுபதியின் உறவினர். தடியத் தேவரோ சேதுபதி அரியணைக்கு உரிமை கொண்டாடத்தக்க குடியினர். மோரமங்கலத்தில் நிகழ்ந்தது போலவே, ஈண்டும் அரசுரிமையிற் பங்கிழந்த ஒரு பெருங்குடியார் புதிய சமயத்தைத் தழுவினார். ஆனால் சேலத்தில் மிஷனுக்கு மதிப்பளித்த அந்நிகழ்ச்சி, மறவர் நாட்டில் ஆளும் மன்னரின் ஐயத்தையும் குடும்பப் பகையையும் ஒருசேர வளர்த்தது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டு இறந்தார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது.

5. செல்லாத குடிப்பிறப்பு

இதுகாறும் ஐரோப்பியரின் குடிப்பிறப்பு தமிழகத்தில் செல்லுபடியான வரலாற்றைக் கண்டோம். இந்நாட்டவரின் குடிப்பிறப்பு திருச்சபையில் செல்லுபடியாயிற்றா என்னும் வினாவை இனி எழுப்புதல் வேண்டும். அதற்கு விடையாக நிற்பவர் கோவாவைச் சார்ந்த மத்தேயு தெ காஸ்திரோ. பிராமணக் குடியிற் பிறந்த கிறித்தவராகிய இவர்க்குக் கோவாவில் குருத்துவம் மறுக்கப்பட்டது. இவர் உரோமை சென்று, புதிய மறைபரப்புப் பேரவையின் ஆதரவால் குருவாகி, 1637இல் மேற்றிராணியாராகவும் திருநிலை பெற்றார். திரும்பி வந்தபோது போர்த்துக்கீசிய ஆட்சியாளரும் கோவாக் குருமாரும் அவர் அதிகாரத்தை ஏற்க மறுத்தனர்.

இருவரையும் அருகருகே வைத்து நோக்குக. உரோமைப் பிரபுவின் மகனார் மதுரையில் தம் பிறப்பைச் சொல்லி மதிப்புப் பெற்றார். பிராமணரின் மகனார் கோவாவில் தம் பிறப்பால் எள்ளளவும் பயன் பெற்றிலர். மதுரையின் கற்றோர் அயல்நாட்டுக் குடிப்பிறப்பை மொழிபெயர்த்து ஏற்றனர். கோவாவின் ஆட்சியாளரோ இந்நாட்டுக் குடிப்பிறப்பை மொழிபெயர்க்க உடன்படவில்லை. குடிப்பிறப்பு தன்னளவில் மதிப்புடைய பொருளன்று. அதனை மதிப்பிடும் அதிகாரம் எவர் கையிலுள்ளதோ அவரே அதன் விலையை வைக்கின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

உயர்குடிப் பிறந்தார்க்கே இந்நிலையாயின், எளிய குலத்தார் நிலையைக் கூறல் வேண்டா. உபதேசியார்களாக ஊர் ஊராகச் சென்று உழைத்தோர் தமிழரே. சிறைப்பட்டோரும் அடியுண்டோரும் அவரே. எனினும் குருபீடம் அவர்க்கு எட்டவில்லை. 1704இல் புதுச்சேரியில் பாப்பாண்டவரின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, எளிய குலத்து நோயாளிகளின் இல்லங்களுக்குக் குருமார் செல்ல மறுத்தலைக் கண்டித்தது. இத்தூர்னோனும் சவோய் நாட்டு உயர்குடியினரே. ஆதலின் உயர்குடியினர் அனைவரும் ஒரே பக்கம் நின்றனர் என்று கொள்ளலாகாது. 1744இல் பதினான்காம் பெனடிக்டு இவ்வழக்கை முடித்து வைத்தபோது, எளிய குலத்தார்க்கெனத் தனிக் குருமாரை ஏற்படுத்தும் ஏற்பாட்டை ஒப்பினார். பணி செய்யப்பட்டது, பிரிவு நீங்கவில்லை.

6. வீரமாமுனிவர் பற்றிய மரபுரை

தமிழ் மாணவர்க்கு மிகவும் அணுக்கமான ஒரு செய்தியையும் ஈண்டு நோக்குவோம். வீரமாமுனிவர் சந்தா சாகிபின் அவையில் திவானாக விளங்கினார், அதற்கெனச் சின்னாளில் பாரசீகமும் இந்துசுத்தானியும் கற்றார், நான்கு ஊர்களை மானியமாகப் பெற்றார், பல்லக்கில் குடையும் கவரியும் சூழச் சென்றார் என்று ஒரு மரபு வழங்குகின்றது. முத்துசாமிப் பிள்ளை எழுதிய முனிவர் வரலாறு இம்மரபைப் பரப்பிற்று. திவான் பதவி பற்றிய பகுதியைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுவர்.

அம்மரபு மெய்யோ பொய்யோ என்பது நம் வினாவன்று. அது ஏன் தோன்றிற்று என்பதே வினா. தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றியவர்க்கு அப்பெருமை போதாதென, மக்கள் அவர் தலையில் அரசியற் பதவியையும் சூட்டினர். பெரியார் ஒருவரை அரச வரிசைகளால் அளக்கும் பழக்கம் லிஸ்பனுக்கும் உரோமைக்கும் மட்டும் உரியதன்று. நம்மிடையேயும் ஆழ வேரூன்றியிருந்தது. திருக்குறள் குடிமையைத் தனி அதிகாரத்தால் போற்றியது. பெருமை என்னும் அதிகாரத்திலோ பிறப்பால் வேற்றுமை இல்லையெனவும் செயலாலேயே சிறப்பு அமையும் எனவும் தெளிவித்தது. இவ்விரு கருத்துக்குமிடையே நம் சமூகம் நெடுங்காலம் ஊசலாடியது. மதுரை மிஷனின் வரலாறு அவ்வூசலாட்டத்தின் ஒரு பகுதியே எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். ஐரோப்பாவில் குடிப்பிறப்பும் அரசியற் செல்வாக்கும் திருச்சபைப் பதவிக்கு ஏணியாயின. நொபிலியாரும் அருளானந்தரும் அவ்வேணியினின்றும் தாமே இறங்கி வந்தனர். அவர்தம் துறவில் ஐயமில்லை. ஆனால் துறவி துறப்பது பதவியை. பிறப்பை எவரும் துறக்க இயலாது. நொபிலியாரின் பிறப்பு மதுரையில் மதிப்பையும் உரோமையில் கேட்கும் செவியையும் தந்தது. அருளானந்தரின் பிறப்பு அரண்மனைக் கதவைத் திறந்தது. அவர் அதனூடே மிஷனுக்கு உதவி பெற்று, அதனூடேயே வெளியேறினார். உரோமையில் உறவினரில்லாத பெர்னாண்டசும், கோவாவில் மதிக்கப்படாத காஸ்திரோவும், பெயரும் எழுதப்படாத உபதேசியார்களும் அதே வரலாற்றின் மறுபக்கம். அப்பக்கத்தையும் படித்தாலன்றி மிஷனின் வரலாறு முழுமையுறாது.

காலம் மாறியது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தனியே அமைந்து, தமிழராகிய திபூர்சியு ரோச்சு ஆண்டகை அதன் மேற்றிராணியாராயினார். பரதவர் ஞானஸ்நானம் பெற்ற காலத்தினின்றும் அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்றன. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்ந்தபோது, தாழ்த்தப்பட்ட வகுப்பினின்றும் அப்பதவி எய்திய முதல்வர் என்று அவரை உலகம் குறிப்பிட்டது. பன்னிரண்டு அகவைச் சிறுவர் ஒருவர் பிறப்பால் கர்தினாலான 1553ஆம் ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒருங்கு நினைத்தால், கடந்த தொலைவு புலனாகும். பிறப்பைக் குறிப்பிடாமல் அவ்வுயர்வை இன்றும் கூற இயலவில்லை என்பதால், கடக்கவேண்டிய தொலைவும் புலனாகும்.

ஜவளகிரிப் பகுதியின் எல்லைகளை மைசூர் மன்னரும் ஆங்கிலேயரும் வகுத்தனர்; திருச்சபை அவற்றைப் பின்பற்றித் தன் எல்லைகளை மாற்றிக்கொண்டே வந்தது. நிலத்தின் எல்லையை ஓராணையால் மாற்றலாம். பிறப்பின் எல்லையோ, 1623ஆம் ஆண்டு ஆணையின் இறுதிப் பகுதி காட்டுமாறு, ஆணையால் மட்டும் மாறுவதன்று. அதனை மாற்ற முயன்றோரின் வரலாற்றை, குறிப்பாக இவ்வெல்லைப் பகுதியின் சிற்றூர்களில் உழைத்த உபதேசியார் வரலாற்றைத் தேடித் தொகுத்தல் இளைய ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.